உடையவர் ஒருவரா, பலரா?

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளை மிகுதியும் தடுமாறச் செய்வது எது என்று ஆசிரியர்களைக் கேட்டால், காலங்காட்டும் வினைகளே என்பார் சிலர். பெயருக்கு முன்னே வரும் சின்னஞ்சிறு இடைச்சொற்களே என்பார் வேறு சிலர். அவை தடுமாற்றந் தருவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றினும் அளவிற் சிறியதாயிருந்து, அவற்றினும் பெரிய குழப்பத்தை விளைவிப்பது ஒன்றுண்டு. எழுத்தின் காலடியில் கிடக்க வேண்டிய காற்புள்ளி, ஏணி வைத்து ஏறியதுபோல் எழுத்தின் தலைமாட்டிற் போய்த் தொங்குகிறதே, அதுதான். ஆங்கிலேயர் அதனை “அப்பாஸ்ட்ரஃபி” என்பர். நான் அதனை மேற்குறி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பையன் என்று பொருள்படும் “பாய்” என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். (நம்மைக் கடைவீதியில் பிறர் விளிக்கும் “பாய்” அன்று; இது ஆங்கிலப் பாய்.) ஒரு பையனுக்கு உரியதைச் சொல்ல வேண்டின் “பாய்’ஸ்” என்று, ஸகர ஒலிக்கு முன்னே மேற்குறி இட்டு எழுதுவர். பையன்கள் பலருக்கு உரியதைச் சொல்ல வேண்டின் “பாய்ஸ்’” என்று, ஸகர ஒலிக்குப் பின்னே இடுவர். உரிமை எதுவுமின்றிப் பையன்கள் என்று மட்டும் சொல்ல வேண்டின் மேற்குறியே இல்லாத “பாய்ஸ்”. மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் செவிக்கு வேறுபாடு தெரியாது. இலண்டனிற் பிறந்து வளர்ந்தவன் செவிக்கும் தெரியாது. ஒருவருடையதா, பலருடையதா, அன்றி எவருடையதும் இல்லையா என்னும் மூன்று பொருள்களையும் கண் ஒன்றுதான் பிரித்தறிகிறது. சொல்வதை எழுதுதல் பயிற்சியில் ஆசிரியர் வாசிக்க மாணவர் எழுதும்போது, நூற்றுக்குத் தொண்ணூறு பிழை இவ்விடத்தில் நேர்வது ஏன் என்பது இதனால் விளங்கும். பிள்ளைகளின் காது பழுதில்லை. காதுக்கு அங்கே வேலை இல்லை.

மதரஸாவில் நஹ்வும் ஸர்ஃபும் ஓதி முடித்த பிறகே நான் ஆங்கிலத்தைக் கையில் எடுத்தேன். ஆகவே ஆங்கில இலக்கணத்தில் எதைக் கண்டாலும், இதற்கு அறபியில் என்ன, தமிழில் என்ன என்று மனம் முதலில் அங்கே ஓடும். இந்த ஓட்டம் கற்பதற்கு இடையூறு என்று சிலர் கூறுவர். என் அனுபவத்தில் அது இடையூறாக இருந்ததில்லை. உடைமையைச் சொல்லும் முறையில் இம்மூன்று மொழிகளும் மூன்று வேறு வினாக்களைக் கேட்கின்றன என்பது அப்படி ஓடிப் பார்த்ததனால்தான் எனக்குப் புலப்பட்டது.

அறபியில் இதற்கு இளாஃபத் என்று பெயர். ஸைதின் கிதாபு என்பதை “கிதாபு ஸைதின்” என்பர். உடைமை முன்னே வரும், அது முளாஃப். உடையவர் பின்னே வருவார்; அவர் முளாஃப் இலைஹி. உடையவர் பெயரின் ஈற்றில் ஜேர் ஏறும். இதுவரை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இதில் கவனிக்கத்தக்கது உடைமைக்கு நேர்வது. தனித்து நின்றபோது “கிதாபுன்” என்று தன்வீனோடு நின்ற சொல், உடையவர் ஒருவர் வந்தவுடன் அந்தத் தன்வீனை இழந்து “கிதாபு” ஆகிறது. இரண்டு கிதாபு என்று பொருள்படும் “கிதாபானி” என்பது தன் நூனை இழந்து “கிதாபா ஸைதின்” ஆகிறது. மக்கள் என்று பொருள்படும் “பனூன” என்னும் சொல் அவ்வாறே நூனை உதிர்த்துவிட்டு நிற்பதைத்தான் “பனூ இஸ்ராயீல்” என்று நாம் நாள்தோறும் சொல்லி வருகிறோம்; அங்கே ஒரு நூன் விழுந்திருக்கிறது என்று நினைப்பவர் எத்தனை பேர்? அறபியில் உரிமைப்பட்ட பொருள் தன் ஈற்றிலிருந்து ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ உடைமைச் சொல் தொடப்படுவதே இல்லை. உடையவர் பெயர்தான் மேற்குறி ஒன்றைத் தலைமேல் தாங்கிக்கொள்கிறது.

நம் தமிழ் இலக்கணத்தார் வழி வேறு. ஆறாம் வேற்றுமைக்கு “அது” என்னும் உருபைத் தொல்காப்பியம் சொல்லிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், “அது”, “ஆது” என்பவற்றை ஒருமைக்கும், “அ” என்பதைப் பன்மைக்கும் வகுத்தார். எனது கை என்றால் ஒரு கை. என கைகள் என்றால் பல. இந்த ஒருமையும் பன்மையும் யாருடையவை என்று பாருங்கள். உடையவன் நான் ஒருவனே. எண் மாறுவது உடைமைக்கு. ஆங்கிலம் உடையவரை எண்ணுகிறது. பழந்தமிழ் உடைமையை எண்ணுகிறது. “என கைகள்” என்பது இன்று வழக்கில் இல்லை; “என்னுடைய” என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லிப் போய்விடுகிறோம். ஆயினும் அந்தப் பழைய பாகுபாட்டை ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டால், ஆங்கிலத்தின் வினா எதைப் பற்றியது என்பது மாணவனுக்கு உடனே தெளிவாகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் “அது” என்னும் உருபை மனிதரை உடைமையாகச் சொல்லுமிடத்தில் ஏற்கவில்லை. நம்பி மகன் என்னும் தொகையை விரிக்கும்போது “நம்பியது மகன்” என்று விரித்தலாகாது. “நம்பிக்கு மகன்” என்றே விரிக்க வேண்டும் என்பது அவர் விதி. வீட்டையும் மாட்டையும் உடையவன், மகனையும் அதே உருபால் உடையவனாகிவிடக் கூடாது என்று அந்த இலக்கணம் கருதியது போலும். ஆங்கிலத்துக்கு இந்த நாணம் இல்லை. ஆளின் தொப்பிக்கும் ஆளின் மகனுக்கும் ஒரே மேற்குறிதான்.

இந்த மேற்குறி ஆங்கிலத்தில் தொன்றுதொட்டு இருந்ததென்று எண்ணிவிட வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் உடைமையைக் காட்டப் பல ஈறுகள் இருந்தன. அவற்றுள் “எஸ்” என்று ஒலித்த ஓர் ஈறு மற்றவற்றை விழுங்கி நிலைத்தது. காலப்போக்கில் அதிலிருந்த உயிரெழுத்து பெரும்பாலான சொற்களில் ஒலியிழந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சகத்தாரைப் பார்த்து, எழுத்து விழுந்த இடத்தில் அடையாளமாக ஒரு குறியிடும் பழக்கம் இங்கிலாந்துக்கு வந்தது. நம் நூன் விழுந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே மேற்குறி பிறந்தது உரிமையைக் காட்ட அன்று, இழப்பைக் காட்ட.

அந்நாட்களிலேயே இதைப் பற்றி ஒரு தவறான கருத்தும் பரவியிருந்தது. ஈற்றில் நிற்கும் ஸகரம், “அவனுடைய” என்று பொருள்படும் “ஹிஸ்” என்னும் சொல்லின் குறுக்கம் என்று கற்றோரும் நம்பினர். அரசனின் நூல் என்பதை “த கிங் ஹிஸ் புக்” என்று, அரசன் அவனது நூல் என்ற பொருள்பட எழுதியவர்கள் உண்டு. 1755ஆம் ஆண்டு தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முகப்பிற் சேர்த்த இலக்கணப் பகுதியில் இக்கருத்தை மறுத்தார். பெண்ணைக் குறிக்கும் சொல்லோடும் இதே ஸகரம் வருகிறதே. அங்கே “அவனுடைய” எப்படிப் பொருந்தும் என்பது அவர் வாதம். பன்மைச் சொல்லின் ஈற்றில் மேற்குறியை வைக்கும் வழக்கமோ அதற்கும் பிந்தியது; பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான் அது மெல்ல நிலைபெற்றது. எட்டாம் நூற்றாண்டில் ஸீபவைஹி தம் “அல்-கிதாப்” நூலில் இளாஃபத்தின் விதிகளை விரித்துரைத்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பிறகும், ஆங்கிலேயர் தங்கள் காற்புள்ளியை எங்கே தொங்கவிடுவதென்று பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, ஓதிப் படித்தவனுக்குச் சிறிது பெருமிதம் எழுவது இயல்புதானே!

வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் முறை எளியது. முதலில் உடையவர் பெயரை முழுமையாக எழுது. ஒருவராயின் ஒருமையில், பலராயின் பன்மையில். அதில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது. எழுதி முடித்த பிறகு மேற்குறியை வை. அந்தச் சொல் பன்மை ஸகரத்தால் முடிந்திருந்தால் வேலை அத்தோடு தீர்ந்தது. அவ்வாறு முடியவில்லையாயின் மேற்குறிக்குப் பின் ஒரு ஸகரம் சேர். குழந்தை என்பதன் பன்மை “சில்ட்ரன்”. அது ஸகரத்தால் முடியவில்லை. ஆகவே “சில்ட்ரன்’ஸ்”. “மென்”, “விமென்” என்பனவும் அவ்வழியே.

எழுதியதைச் சரிபார்ப்பதற்கு ஒரு கட்டைவிரல் போதும். மேற்குறியையும் அதற்குப் பின்னுள்ளதையும் விரலால் மூடு. எஞ்சி நிற்பவர் எவரோ அவரே உடையவர். “பாய்ஸ்’” என்பதில் மூடினால் பையன்கள் நிற்பார்கள். “பாய்’ஸ்” என்பதில் மூடினால் ஒரு பையன்தான் நிற்பான். யாரேனும் “சில்ட்ரன்ஸ்’” என்று எழுதியிருந்தால், விரலுக்கு வெளியே “சில்ட்ரன்ஸ்” என்று ஒரு சொல் நிற்கும். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. பிழை தானே பிடிபட்டுவிடும்.

ஸகரத்தில் முடியும் மனிதப் பெயர்கள் மட்டும் இவ்விதிக்குள் அமைதியாக அடங்குவதில்லை. “ஜேம்ஸ்” ஒருவரே, ஆனால் பெயரின் ஈறு பன்மை போல் தோன்றுகிறது. இலண்டன் மாநகரிலுள்ள பூங்காவுக்கு “செயின்ட் ஜேம்ஸ்’ஸ் பார்க்” என்று இரட்டை ஸகரம். நியூகாசில் நகரின் பந்தாட்ட அரங்குக்கு “செயின்ட் ஜேம்ஸ்’ பார்க்” என்று ஒற்றை. இரண்டும் சரி என்று ஆங்கிலேயரே விட்டுவிட்டபோது நாம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதில்லை. இலண்டனில் “ஏர்ல்’ஸ் கோர்ட்” என்னும் இரயில் நிலையத்துக்கு மேற்குறி உண்டு. அதன் அண்மையிலேயே உள்ள “பாரன்ஸ் கோர்ட்” நிலையத்துக்கு இல்லை. பர்மிங்ஹாம் நகரமன்றம் 2009ஆம் ஆண்டு தெருப்பலகைகளில் இக்குறியே வேண்டாமென்று முடிவு செய்தது. அமெரிக்காவில் ஊர்ப்பெயர்களை வரையறுக்க 1890இல் அமைக்கப்பட்ட வாரியம் உடைமை மேற்குறியைத் தொடக்க முதலே தவிர்த்து வந்திருக்கிறது. “மார்த்தா’ஸ் வின்யார்ட்” என்னும் தீவு போன்ற மிகச் சிலவே விலக்குப் பெற்றன. மறுபுறம், இக்குறியைக் காப்பதற்கென்றே 2001இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் தோன்றியது. அதை நிறுவிய முதியவர், சோம்பலும் அறியாமையும் வென்றுவிட்டன என்று மனம் நொந்து 2019இல் அதை மூடிவிட்டார்.

எனினும், இடம் மாறினால் வரலாறே மாறிவிடும் சொற்களும் உள்ளன. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரி உண்டு. கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி உண்டு. வாயாற் சொன்னால் இரண்டும் “குவீன்ஸ் காலேஜ்”. எழுத்தில் மட்டும் ஆக்ஸ்ஃபோர்டு “குவீன்’ஸ்” என்றும், கேம்பிரிட்ஜ் “குவீன்ஸ்’” என்றும் எழுதுகின்றன. விரலால் மூடிப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் அரசி நிற்பார். மூன்றாம் எட்வர்டின் துணைவியார் ஃபிலிப்பா அவர். அவர் பெயரால் 1341இல் அக்கல்லூரி எழுந்தது. கேம்பிரிட்ஜில் மூடினால் நிற்பவர் இருவர். 1448இல் ஆறாம் ஹென்றியின் துணைவியார் மார்கரெட் அதை நிறுவினார். 1465இல் நான்காம் எட்வர்டின் துணைவியார் எலிசபெத் உட்வில் அதற்கு மீண்டும் ஆதரவளித்து நிலைநிறுத்தினார். இவ்விரு அரசியரின் கணவன்மாரும் ஒருவர் அரியணையை மற்றவர் பறிக்கப் போரிட்டவர்கள். பகைவர்களின் மனைவியர் இருவரும் ஒரு கல்லூரிக்கு உரியவர்களாயினர் என்னும் செய்தியை அந்த ஒரு மேற்குறி சுமந்து நிற்கிறது. ஸகரத்துக்கு இப்பால் அதை எடுத்து வைத்தால் இருவரில் ஒருவர் கல்லூரியை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

அமெரிக்காவில் அன்னையர் நாளுக்காக உழைத்த ஆனா ஜார்விஸ் அம்மையார், அதன் பெயரில் “மதர்’ஸ்” என்று ஒருமை மேற்குறியே வர வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். உலகத்துத் தாய்மாரையெல்லாம் கூட்டமாகப் போற்றுவது அவர் நோக்கமன்று; ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் தம் தாயைப் போற்ற வேண்டும் என்பதே அவர் கருத்து. 1914இல் குடியரசுத் தலைவர் வில்சன் அறிவித்தபோதும் அந்த ஒருமையே நிலைத்தது. நம் நாட்டில் 1962 முதல் டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த நாளாகிய செப்டம்பர் 5ஆம் நாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அது பலருக்கு உரியது. ஆகவே “டீச்சர்ஸ்’ டே” என்பதே முறை. ஆண்டுதோறும் பள்ளிகளிற் கட்டப்படும் பதாகைகளிலோ பெரும்பாலும் “டீச்சர்’ஸ் டே” என்றிருக்கும். நாங்கள் இருபது பேரும் வரிசையில் நின்று பூங்கொத்து வாங்கும்போது, அந்த ஒருவர் எங்களில் யார் என்று நான் மனத்துக்குள் தேடுவதுண்டு. தலைமையாசிரியராகத்தான் இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு குழப்பத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். திருக்குர்ஆனின் பெயரை ஆங்கில எழுத்தில் “குர்’ஆன்” என்று நடுவே மேற்குறியிட்டு எழுதுவதைக் காண்கிறோம். ஒரு மாணவி, “இங்கே யாருக்கு உரிமை, உஸ்தாது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. அது உடைமைக் குறி அன்று. ஆங்கிலத்தில் ஹம்ஸாவுக்கு எழுத்தில்லை. அதனால் அவ்வொலி நிற்கும் இடத்தைக் காட்ட இதே உருவத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். கஃபாவின் பெயரில் ஐனுக்குப் பதிலாக நிற்பதும் இத்தகையதே. அஃறிணைச் சுட்டாகிய “இட்ஸ்” என்பதில் மட்டும், உடைமைப் பொருளில் மேற்குறி வராது; “ஹிஸ்” என்பதற்கு எப்படி இல்லையோ அப்படியே இதற்கும் இல்லை. மேற்குறியிட்ட “இட்’ஸ்” என்பது “இட் இஸ்” என்பதன் குறுக்கம். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

வாணிகக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லிக்கொடுப்பது கூட்டுரிமை. அஹ்மதும் அலீயும் சேர்ந்து ஒரு கடை வைத்திருந்தால் “அஹ்மத் அண்ட் அலீ’ஸ் ஷாப்” என்று கடைசிப் பெயரில் மட்டும் மேற்குறி வரும். ஆளுக்கொரு கடை தனித்தனியே வைத்திருந்தால் “அஹ்மத்’ஸ் அண்ட் அலீ’ஸ் ஷாப்ஸ்” என்று இருவர் பெயரிலும் வரும். முதலாவதில் அஹ்மத் தன் பெயரில் குறி இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. கூட்டு நிலைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். பாகம் பிரிந்த அன்றுதான் அவருக்குத் தனிக்குறி கிடைக்கிறது. ஒப்பந்தங்களிலும் பத்திரங்களிலும் இவ்வேறுபாடு விளையாட்டன்று.

அது விளையாட்டன்று என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் கண்கூடாகக் கண்டேன். பினாங்கில் நெடுங்காலம் வாணிகம் செய்து ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் வஃபாத்தானார். அவருக்குப் புதல்வர்கள் மூவர். அவரோடு பிறந்த தம்பியர் இருவர். மூத்த தம்பி இளமையிலேயே இறந்துவிட்டார்; அவருக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு மக்கள். இளைய தம்பி செல்வர். அவருக்கு மக்கள் ஐவர். புதல்வர்கள் இருக்கும்போது தம்பி மக்கள் வாரிசாகமாட்டார்கள். வாரிசல்லாதவர்க்குச் சொத்தில் மூன்றிலொரு பங்குவரை வஸிய்யத்துச் செய்யலாம் என்பது ஷரீஅத். பெரியவர் அவ்வாறே செய்திருந்தார். பினாங்கிலும் அவருக்குக் கொஞ்சம் சொத்து இருந்தபடியால், அங்கிருந்து கொண்டுவந்த தட்டச்சுப் பொறியில் தம் கையாலேயே ஆங்கிலத்தில் ஒரு தாள் அடித்து வைத்திருந்தார். மூன்றிலொரு பங்கு “மை பிரதர்ஸ் சில்ட்ரன்” என்பவர்களுக்கு. மேற்குறி இல்லை.

மேற்குறி ஸகரத்துக்கு முன்னே இருந்திருந்தால் ஒரு தம்பியின் மக்கள், பெறுபவர் இருவர். பின்னே இருந்திருந்தால் தம்பியர் இருவரின் மக்கள், பெறுபவர் எழுவர். இருவருக்குக் கிடைத்தால் அது வீடு கட்டும் தொகை. எழுவர் பங்கிட்டால் ஒரு திருமணச் செலவுக்குப் போதாது. ஜமாஅத்தில் பேச்சு எழுந்தது. அறபும் ஆங்கிலமும் அறிந்தவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள்.

பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், குறியில்லாத “பிரதர்ஸ்” என்பது பன்மைச் சொல்தானே, ஆகவே எழுவருக்கும் என்றார். மற்றொருவர், பெரியவர் அதே தாளில் மனைவியின் நகைகள் அவருக்கே சொந்தம் என்பதைச் சொல்லுமிடத்தில் “வைஃப்’ஸ்” என்று சரியாகக் குறியிட்டிருப்பதைக் காட்டி, குறியிடத் தெரிந்தவர் இங்கே அவசரத்தில் விட்டுவிட்டார், ஒருமையே கருதினார் என்றார். என்னைக் கேட்டபோது, இலக்கணம் இட்ட குறிக்குப் பொருள் சொல்லும், இடாத குறிக்குச் சொல்லாது என்றேன். பழைய தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் மேற்குறி எட்டாம் எண்ணின் தலையில் இருக்கும். மாற்றுவிசையை அழுத்திக்கொண்டு அடிக்க வேண்டும். முதிய விரல் ஒன்று அதை அழுத்தத் தவறியதற்காக, உரிமை இந்தப் பக்கம் என்றோ அந்தப் பக்கம் என்றோ தீர்ப்புக் கூற எந்த நூலிலும் இடமில்லை.

பெரியவர் வாய்மொழியாக என்ன சொன்னார் என்று இமாம் விசாரித்தார். அவர் தம் எண்ணத்தைச் சொன்னபோது உடனிருந்த முதியவர் இருவர் முன்வந்தனர். “மூன்றிலொரு பங்கு தம்பி பிள்ளைகளுக்கு என்று சொன்னார்கள்” என்றனர். சபை அமைதியாகிவிட்டது. தம்பி பிள்ளைகள்! தம்பியின் பிள்ளைகளா, தம்பிமாரின் பிள்ளைகளா? உருபு மறைந்த வேற்றுமைத் தொகை. ஆங்கிலத்தாள் விட்ட ஐயத்தை நம் தாய்மொழியும் அப்படியே வைத்திருந்தது. அறபியாயிருந்தால் “அவ்லாது அகீ” என்றால் ஒருவர் மக்கள், “அவ்லாது அகவய்ய” என்றால் சரியாக இருவர் மக்கள், “அவ்லாது இக்வதீ” என்றால் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் மக்கள் என்று நா அசைந்தபோதே முடிந்திருக்கும். பெரியவர் அறபியிற் சொல்லவில்லை.

அப்போது திரைக்கு அப்பாலிருந்து இளைய தம்பியின் மூத்த மகள் பேசினார்.

“உஸ்தாது, பெரிய வாப்பா தம்பி பிள்ளைகள் என்று சொன்னால் அது நாங்களல்ல. எங்களை அவர்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வாப்பா இல்லாத அந்த இரண்டு பேரையும்தான் அவர்கள் என்றைக்கும் தம்பி பிள்ளைகள் என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.”

தனக்கு வரக்கூடிய பங்குக்கு எதிராகத் தானே சொல்லும் சொல்லுக்கு ஃபிக்ஹில் இக்ரார் என்று பெயர். சொன்னவரை மட்டுமே அது கட்டும். ஆகவே இமாம் மற்ற நால்வரையும் தனித்தனியே கேட்டார். மூவர் தமக்கையின் சொல்லை ஒப்பினர். கடைசித் தம்பி அந்நாட்களில் கடன்பட்டிருந்தார். ஊரில் அது எல்லோரும் அறிந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் கூறி எழுந்து போனார். அவரை யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று இமாம் சபையைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவர் பள்ளியின் தூணோரம் காத்திருந்தார். லாத்தா சொன்னது உண்மைதான் என்றார்.

பினாங்குக்கு அனுப்புவதற்கு ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுத வேண்டியிருந்தது. அதை எழுதும் வேலை என்னிடம் வந்தது. மூத்த மகள் என் மனைவியோடு வந்து அமர்ந்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் புள்ளி எங்கே வர வேண்டும், உஸ்தாது?” என்று கேட்டார். ஸகரத்துக்கு முன்னே என்று காட்டினேன். சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு, “அது மறுபடியும் விழுந்துவிட்டால்?” என்றார்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். இருவருடைய பெயர்களையும் முழுமையாக எழுதி, ஒவ்வொன்றின் பின்னும் தந்தையின் பெயரைச் சேர்த்தேன். ஐவரும் கையொப்பமிட்டனர். அத்தாளில் மேற்குறி ஓரிடத்திலும் இல்லை. பினாங்கிலிருந்து மறுகேள்வி எதுவும் வரவில்லை.